தாத்தா ரேடியோவை பிளக்கில் சொருகும் முன்... ‘இப்ப வர்றதே இல்ல’ என்ற பாகங்களுக்கு மாற்று கண்டுபிடிப்பது எப்படி?

பரண் சுத்தம் பண்ணும்போது கிடைக்கும் பொருள்களிலேயே ஆபத்தானது எது தெரியுமா? தேள் இல்லை, பாம்பு இல்லை. தாத்தா காலத்து ரேடியோ! பாம்பைப் பார்த்தால் விலகி ஓடுவோம். ரேடியோவைப் பார்த்தால் தூசியைத் தட்டிவிட்டு, ‘ஓடுதான்னு பார்ப்போமே’ என்று நேராக பிளக்கில் சொருகிவிடுவோம்.

கள்ளக்குறிச்சி மாவட்டம் வடக்கனந்தலில், எங்க பெரியப்பா வீட்டில் அதுதான் நடந்தது. கல்வராயன் மலை அடிவாரம், கோமுகி அணைக்குப் பக்கத்து ஊர். மரப்பெட்டி போட்ட வால்வ் ரேடியோ ஒன்று முப்பது வருஷமாக நெல் மூட்டைக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தது. காலேஜ் படிக்கும் அண்ணன் பையன் அதை எடுத்து ஆன் பண்ணினான். முதலில் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல், அப்புறம் மெழுகு உருகும் வாடை, அப்புறம் புகை. நல்லவேளை, பெரியம்மா ஓடிப்போய் சுவிட்சை அணைத்துவிட்டார். போனது ஒரே ஒரு கண்டன்சர். டிரான்ஸ்ஃபார்மர் எரிந்திருந்தால், அந்தப் பெட்டி அடுத்த வாரமே பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோனால், போன கடைகளில் எல்லாம் ஒரே பதில்: “இதுக்கெல்லாம் இப்ப பார்ட்ஸ் வர்றதில்ல தம்பி.” இது பாதி உண்மை. அந்த நம்பர் போட்ட பாகம் வருவதில்லை என்பது சரி. ஆனால், அந்தப் பாகம் பார்த்த வேலையைப் பார்க்க இன்னொன்று பெரும்பாலும் இருக்கிறது. அதனால் நம்பரைத் தேடாதீங்க, வேலையைத் தேடுங்க. அதன் மதிப்பு என்ன, எத்தனை வோல்ட் தாங்கணும், கால்கள் எந்த வரிசையில் இருக்கு... இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் முக்கால்வாசி பழைய செட்களுக்கு உயிர் கொடுத்துவிடலாம்.

முதலில் உங்க உயிர்... அப்புறம் ரேடியோ உயிர்!

வால்வ் ரேடியோவுக்குள் சாதாரணமாக 250 முதல் 300 வோல்ட் டி.சி. ஓடும். ஆஃப் பண்ணி பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கண்டன்சரில் அது தங்கியிருக்கலாம். உள்ளே கை வைக்கும் முன் 10 ஆயிரம் ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை, உறை போட்ட ஒயர் மூலம், கண்டன்சரின் பிளஸ் முனைக்கும் சேஸிக்கும் நடுவே சில விநாடி பிடித்து, மல்டிமீட்டரில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொடணும். ஸ்க்ரூ டிரைவரால் ‘டப்’ என்று ஷார்ட் பண்ணும் ஸ்டைல் வேண்டாம். யூட்யூபில் கெத்தாக இருக்கும், கண்டன்சருக்கும் கண்ணுக்கும் நல்லதில்லை.

அடுத்து, சீரிஸ் பல்ப். எலெக்ட்ரீஷியன்களுக்கு நன்றாகத் தெரிந்த டெக்னிக். 60 வாட் குண்டு பல்பை ஃபேஸ் ஒயரில் சீரிஸாகப் போட்டு, அதன் வழியாக ரேடியோவுக்கு கரன்ட் கொடுக்கணும். பல்ப் முதலில் கொஞ்சம் எரிந்து பிறகு மங்கினால் நிலைமை பரவாயில்லை. முழு வெளிச்சத்தில் நின்று எரிந்தால் உள்ளே ஷார்ட். ரேடியோ எரிவதற்குப் பதில் பல்ப் எரிகிறது, அவ்வளவுதான் விஷயம். இதற்கு எல்.இ.டி. பல்ப் உதவாது. பழைய இழை பல்ப்தான் வேணும்.

இனி சொல்வதை மட்டும் இரண்டு தடவை படிங்க. சில வால்வ் ரேடியோக்களில் பவர் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. ‘ஏ.சி./டி.சி.’ செட் என்று சொல்வார்கள். அதில் மெயின்ஸின் ஒரு ஒயர் நேராக இரும்பு சேஸியோடு இணைந்திருக்கும். பழைய இரண்டு பின் பிளக்கைத் திருப்பிச் சொருகினால் சேஸி முழுக்க 230 வோல்ட்! குமிழ் உடைந்து வெளியே தெரியும் உலோகத் தண்டைத் தொட்டாலே போதும், தூக்கி வீசும். இந்த வகை செட்டுக்குப் பின்னால் இருக்கும் கிராமஃபோன் துளையில் ஹெட்போன் ஒயர் மாட்டி, மொபைலில் பாட்டு போடலாம் என்று ஒருபோதும் நினைக்காதீங்க. மொபைல் உங்கள் கையில்தானே இருக்கும்? மூன்று பின் பிளக் மாட்டி எர்த் கொடுப்பதும் இந்த செட்டில் கூடாது. இதைத் திறந்து வேலை பார்க்க ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். ஸ்டெபிலைசரோ, வேரியாக்கோ அந்த வேலையைச் செய்யாது.

அப்படிப்பட்ட செட் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வால்வ் மேலேயே எழுதியிருக்கிறது.

வால்வ் மேல் இருக்கும் எழுத்து சொல்லும் ஜாதகம்

இந்தியாவில் கிடைக்கும் பெரும்பாலான வால்வ்களில் ஐரோப்பிய முறை எழுத்துகள் இருக்கும். பெங்களூரில் பொதுத்துறை நிறுவனமான பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961-ல் ரேடியோ வால்வ் தயாரிக்கத் தொடங்கியது, 1962-ல் ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர். அதனால் உங்க பரண் செட்டில் ‘பெல்’ முத்திரை போட்ட வால்வ் இருந்தால் ஆச்சர்யப்பட வேண்டாம்.

முதல் எழுத்துதான் முக்கியம். அது உள்ளே இருக்கும் சூடேற்றும் இழைக்கு என்ன கரன்ட் வேணும் என்று சொல்கிறது. ‘ஈ’ என்றால் 6.3 வோல்ட், இதைப் பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள செட்டில் பார்க்கலாம். ‘யு’ என்றால் எல்லா வால்வும் சரம் போல வரிசையாகக் கோத்து நேரடியாக மெயின்ஸில் ஓடும், 100 மில்லி ஆம்பியர். அதாவது, மேலே சொன்ன ஆபத்தான செட். ‘டி’ என்றால் 1.4 வோல்ட், பேட்டரி ரேடியோ. அடுத்து வரும் எழுத்துகள் வேலையைச் சொல்லும். ‘சி’ டிரையோட், ‘எஃப்’ பென்டோட், ‘எல்’ ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வ், ‘எம்’ பச்சையாக ஒளிரும் மேஜிக் ஐ, ‘ஒய்’யும் ‘இசட்’டும் ரெக்டிஃபையர். நம்பரின் முதல் இலக்கம் அடிப்பாகத்தின் வகை. 8-ல் தொடங்கினால் ஒன்பது பின்.

இப்போ ‘ஈ.எல். 84’ என்பதைப் படிச்சுப் பாருங்க. 6.3 வோல்ட், பவர் வால்வ், ஒன்பது பின். அவ்வளவுதான்! ‘யு.எல். 84’ பார்க்க அதே போல இருக்கும், ஆனால் அதன் இழைக்கு 45 வோல்ட் வேணும். ஒன்றுக்கு ஒன்று மாற்ற முடியாது. ‘84 தானே, எல்லாம் ஒண்ணுதான்’ என்று விற்பவரிடம் உஷார்.

ஒரு நல்ல செய்தி: வால்வ்தான் கடைசியாகக் கெடும். ரேடியோ பாடவில்லை என்றதும் எல்லோரும் முதலில் வால்வைத்தான் சந்தேகப்படுவார்கள், அது பாவம் பெரும்பாலும் நிரபராதி. மல்டிமீட்டரில் இழை அறுந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்க. உண்மையிலேயே போயிருந்தால், ஈ.எல். 84 மாதிரியானவை இன்றும் புதிதாகவே கிடைக்கும். கிட்டார் ஆம்ப்ளிஃபையர்களுக்குத் தேவைப்படுவதால் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா என்று இன்னும் தயாரிக்கிறார்கள். ரேடியோவுக்கு மட்டுமே பயன்பட்ட ஈ.சி.எச். 81, ஈ.பி.எஃப். 89 போன்றவற்றுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பழைய ஸ்டாக்கைத்தான் தேடணும்.

குற்றவாளி கண்டன்சர்

பெரியப்பா வீட்டு செட்டுக்கு வருவோம். பின்பக்க அட்டையைக் கழற்றியதும் வால்வ்களைப் பார்த்தோம். எல்லாம் ‘ஈ’ வரிசை, பக்கத்தில் கனமான டிரான்ஸ்ஃபார்மர். அப்பாடா! சேஸியைத் திருப்பினால், மெழுகு வழிந்து வெடித்த ஒரு குழாய். மெயின்ஸின் இரண்டு ஒயருக்கும் குறுக்கே போட்டிருந்த பேப்பர் கண்டன்சர். அதன் இடத்தில் சாதாரண கண்டன்சர் எதையும் போடக் கூடாது. ‘எக்ஸ் 2’ என்று அச்சிட்ட, 275 வோல்ட் ஏ.சி. தாங்கும் வகைதான் போடணும். கெட்டாலும் தீப்பிடிக்காத மாதிரி செய்யப்பட்டது அது. மெயின்ஸிலிருந்து சேஸிக்குப் போகும் கண்டன்சராக இருந்தால் ‘ஒய் 2’ வகை. பழைய எல்.இ.டி. டி.வி. பவர் போர்டிலேயே இவை கிடைக்கும், ஆனால் புதுசு வாங்குங்க. ஒரு டீ, ரெண்டு வடை காசுக்கு மேல் ஆகாது.

பேப்பர் கண்டன்சர்கள் எல்லாமே சந்தேக கேஸ்தான். மெழுகு பூசியது, தார் பூசியது, இரண்டும். பேப்பர் ஈரம் இழுத்து, கரன்ட்டைக் கசியவிடும். இவற்றிலேயே ரொம்ப வில்லங்கமானது, பவர் வால்வின் கிரிட்டுக்கு சத்தத்தைக் கொண்டுபோகும் கப்ளிங் கண்டன்சர். ஈ.எல். 84 போட்ட சாதாரண ரேடியோவில் அந்த கிரிட்டில் வோல்ட்டேஜ் கிட்டத்தட்ட பூஜ்யம் இருக்கணும். பிளஸ் வோல்ட் காட்டினால் கண்டன்சர் கசிகிறது என்று அர்த்தம். அப்படியே ஓட்டினால் வால்வுக்குள் தகடு சிவக்கும், அடுத்து அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரியும். சில ரூபாய் கண்டன்சருக்காக, கிடைக்கவே கிடைக்காத டிரான்ஸ்ஃபார்மரைப் பலி கொடுப்பதா? அதனால் வேறு எதை மாற்றாவிட்டாலும் இதை மாற்றிவிட்டுத்தான் செட்டை ஓடவிடணும். 630 வோல்ட் பாலியஸ்டர் ஃபிலிம் வகை போடுங்க.

மதிப்பைப் படிப்பதில்தான் புதியவர்கள் திணறுவார்கள். பழைய செட்டில் ‘0.05 எம்.எஃப்.டி.’ என்று இருக்கும். எம்.எஃப்.டி. என்பது மைக்ரோஃபாரட்தான். கடையில் 0.05 கேட்டால் இல்லை என்பார்கள், 0.047 கேளுங்க. 0.02-க்கு 0.022. காலப்போக்கில் மதிப்புகளின் வரிசை மாறியதுதான் காரணம், செட்டுக்கு வித்தியாசமே தெரியாது. புதிய கண்டன்சரில் 473, 103 என்று மூன்று இலக்கம்தான் இருக்கும். கடைசி இலக்கம் எத்தனை பூஜ்யம் என்று சொல்கிறது, கணக்கு பைக்கோஃபாரட்டில். 103 என்றால் 10-க்குப் பின்னால் மூன்று பூஜ்யம், 10,000 பைக்கோஃபாரட், அதாவது 0.01 மைக்ரோஃபாரட்.

எலெக்ட்ரோலிடிக் என்னும் பெரிய அலுமினிய டப்பா கண்டன்சர்களுக்கு வயதுதான் எதிரி. உள்ளே இருக்கும் திரவம் காய்ந்துவிடும். ‘ம்ம்ம்’ என்ற இரைச்சலுக்கு முதல் சந்தேகம் இதன் மேல்தான். பழைய 8, 16, 32, 50 மைக்ரோஃபாரட்களுக்குப் பதில் முறையே 10, 22, 33, 47 போடலாம். வோல்ட் மட்டும் பழையதைவிடக் குறையவே கூடாது. 350 இருந்த இடத்தில் 400 அல்லது 450 போட்டால் நிம்மதி. 105 டிகிரி வகையாக இருந்தால் இன்னும் நல்லது. ‘பெருசா போட்டா இரைச்சல் சுத்தமா போயிடும்ல?’ என்று 220 மைக்ரோஃபாரட்டைக் கொண்டுவந்து மாட்டாதீங்க. ஈ.இசட். 80 ரெக்டிஃபையர் வால்வ், தன்னை ஒட்டிய முதல் கண்டன்சரில் 50 மைக்ரோஃபாரட் வரைதான் தாங்கும்.

இன்னொரு கெட்ட பழக்கம், பழைய டப்பாவை அப்படியே விட்டுவிட்டு அதன் குறுக்கே புதுசைப் பற்றவைப்பது. பழையது கசிந்துகொண்டேதான் இருக்கும். ஒயரை அதிலிருந்து கழற்றிவிடுங்க. அழகுக்காக டப்பா மேலே நிற்கட்டும், புதிய கண்டன்சர் சேஸிக்கு அடியில் மறைந்துகொள்ளும். பிளஸ், மைனஸ் மாறினால் வெடிக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை... இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

எதை மாற்றக் கூடாது என்பதும் முக்கியம். மைக்கா, செராமிக் வகைகள் அநேகமாக நன்றாகவே இருக்கும். 1960-களின் பிலிப்ஸ் செட்டில் கடுகு நிறத்தில் சப்பையாக இருக்கும் ஃபிலிம் கண்டன்சர்களையும் தொடாதீங்க. எல்லாவற்றையும் மாற்றினால்தான் திருப்தி என்று அலைபவர்கள் உண்டு. நாற்பது இடத்தில் பற்றவைத்தால் நாற்பது இடத்தில் தவறு நடக்க வாய்ப்பு, அதை மறந்துவிடுவார்கள்.

ரெசிஸ்டர் சுலபம்

பழைய கார்பன் ரெசிஸ்டர்கள் வயதாக ஆக மதிப்பில் ஏறும். கரன்ட் இல்லாத நிலையில், கண்டன்சரை டிஸ்சார்ஜ் செய்துவிட்டு, இருந்த இடத்திலேயே அளந்து பாருங்க. எழுதியதைவிட 20 சதவிகிதத்துக்கு மேல் கூடுதலாகக் காட்டினால் அது போய்விட்டது, கழற்றிப் பார்க்கவே வேண்டாம். குறைவாகக் காட்டினால் அவசரப்படாதீங்க, பக்கத்துப் பாகங்கள் வழியாகவும் மீட்டர் அளந்திருக்கும். ஒரு காலைக் கழற்றிவிட்டு மறுபடி அளக்கணும்.

நான்கு வண்ணக் கோடு இல்லாமல், முழு உடம்பும் ஒரு நிறம், நுனி வேறு நிறம், நடுவில் ஒரு புள்ளி என்று இருந்தால் அது பழைய முறை. உடம்பு முதல் இலக்கம், நுனி இரண்டாவது, புள்ளி பூஜ்யங்களின் எண்ணிக்கை. மஞ்சள் உடம்பு, ஊதா நுனி, ஆரஞ்சுப் புள்ளி என்றால் 47,000 ஓம். வாட் அளவைக் குறைக்காமல் புதிய மெட்டல் ஃபிலிம் வகை போட்டால் முடிந்தது.

தகடு தகடாக அடுக்கியிருக்கே, அது என்ன?

சதுரத் தகடுகளை அடுக்கிய பட்டை மாதிரி ஒன்று சில செட்களில் இருக்கும். செலினியம் ரெக்டிஃபையர். கெட்டுப்போனால் அழுகிய முள்ளங்கி மாதிரி ஒரு நாற்றம் வரும். அந்தப் புகை விஷம், ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே போயிடுங்க. இதற்கு மாற்று, எந்தக் கடையிலும் கிடைக்கும் ‘1 என் 4007’ டையோடு. 1,000 வோல்ட், 1 ஆம்பியர். ஆனால் ஒரு சூட்சுமம்: செலினியம் தன்னிடம் கொஞ்சம் வோல்ட்டேஜை இழுத்துக்கொள்ளும், சிலிக்கான் டையோடு அப்படிச் செய்யாது. அப்படியே மாற்றினால் செட்டுக்குள் வோல்ட்டேஜ் ஏறிவிடும். சர்க்யூட் படத்தில் போட்டிருக்கும் வோல்ட்டேஜுக்கு இறங்கும்வரை சீரிஸில் ஒரு பவர் ரெசிஸ்டர் சேர்க்கணும்.

டிரான்சிஸ்டர்: ‘ஏ’வா, ‘பி’யா?

கையில் தூக்கிப் போகும் டிரான்சிஸ்டர் ரேடியோவில் ஷாக் பயம் இல்லை. பேட்டரி மட்டும்தானே! கத்துக்க நினைப்பவர்கள் இதில்தான் தொடங்கணும் என்பேன்.

இங்கேயும் முதல் எழுத்தைப் பாருங்க. ‘ஏ’ என்றால் ஜெர்மேனியம், ‘பி’ என்றால் சிலிக்கான். இரண்டாவது எழுத்து ‘சி’ என்றால் சத்தத்துக்கான சின்ன டிரான்சிஸ்டர், ‘டி’ என்றால் சத்தத்துக்கான பெரியது, ‘எஃப்’ என்றால் அலைவரிசைப் பகுதிக்கு. ஆக, ‘ஏ.சி. 128’ ஜெர்மேனியம், ‘பி.சி. 148’ சிலிக்கான். எழுத்து அழிந்திருந்தால் மல்டிமீட்டரின் டையோடு மோடில் வைத்து அளந்து பாருங்க. 0.2 அல்லது 0.3 காட்டினால் ஜெர்மேனியம், 0.6 - 0.7 என்றால் சிலிக்கான்.

சிலிக்கான் என்றால் கவலையே இல்லை. பி.சி. 147, 148, 149 எல்லாம் இன்று பி.சி. 547, 548, 549 என்ற பெயரில் கிடைக்கும் அதே குடும்பம்தான். எதிர்ப்பக்க ஜோடியான பி.சி. 158-க்கு பி.சி. 558. கால்களின் வரிசையை மட்டும் இரண்டு டேட்டாஷீட்டையும் திறந்து ஒப்பிட்டுவிட்டுப் பற்றவையுங்க. பேக்கேஜ் மாறியதால் வரிசை ஒத்துப்போகும் என்று நம்ப முடியாது.

ஜெர்மேனியத்தில்தான் சிக்கல். அதன் இடத்தில் சிலிக்கானை நேராகப் போட்டால், 0.2 வோல்ட்டில் விழித்துக்கொள்ள வேண்டியது 0.6 வரும்வரை தூங்கும். சத்தம் கரகரக்கும், அல்லது வராது. பயாஸ் ரெசிஸ்டர்களையும் சேர்த்து மாற்றணும். அதைவிட, செத்துப்போன இன்னொரு ரேடியோவை வாங்கி அதிலிருந்து ஜெர்மேனியத்தைக் கழற்றிக்கொள்வது உத்தமம்.

ஏ.எஃப். 114 முதல் 117 வரையிலான டிரான்சிஸ்டர்களுக்கு மட்டும் ஒரு சுவாரஸ்யமான வைத்தியம் உண்டு. இவற்றுக்கு நான்கு கால்கள். உள்ளே, வெள்ளீயத்திலிருந்து மீசை முடி மாதிரி மெல்லிய இழைகள் தானாகவே வளர்ந்து, டிரான்சிஸ்டரின் பாகத்தை உலோகக் கூட்டோடு ஷார்ட் ஆக்கிவிடும். கூட்டோடு இணைந்த நான்காவது காலை வெட்டிவிட்டால் பல செட்கள் மறுபடி பாடத் தொடங்கும். பாகம் மாற்றாமல் ஒரு வெட்டில் ரிப்பேர்!

உள்ளே மஞ்சள், வெள்ளை, கறுப்பு என்று திருகக்கூடிய சின்ன டப்பாக்கள் இருக்கும். தயவுசெய்து திருகாதீங்க. ஃபேக்டரியில் டியூன் பண்ணிவைத்தது. ஆர்வக்கோளாறில் திருகியதால் ஊமையான ரேடியோக்கள் ஏராளம்.

திருவிழா மைக் செட் கதை வேறு

ஊர்ப்பக்கம் பழைய எலெக்ட்ரானிக்ஸ் என்றால் ரேடியோவைவிட மைக் செட்தான் அதிகம். கூழ் ஊத்துறதிலிருந்து காதுகுத்து வரை குழாய் ஸ்பீக்கர் இல்லாமல் நடக்குமா? அந்தப் பழைய ஆம்ப்ளிஃபையர்களில் இரும்புத் தொப்பி போட்ட ‘2 என் 3055’ டிரான்சிஸ்டர் இருக்கும். 60 வோல்ட், 15 ஆம்பியர். அது இன்னும் தயாரிக்கப்படுகிறது. ஆனால் போலிகள் தாராளம். வேறு ஏதோ சின்ன டிரான்சிஸ்டரின் எழுத்தை அழித்து, மேலே புது நம்பர் அடித்து வருபவை. தொப்பியின் மேல்பக்கம் சுரண்டிய தடம், ஒரே கட்டில் வெவ்வேறு எழுத்து வடிவம், கையில் லேசாகத் தெரியும் எடை... இதில் எது இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிடுங்க. திருவிழா ராத்திரி பத்து மணிக்கு அது வெடித்தால் அடி வாங்கப்போவது மைக் செட் அண்ணன்தான், விற்றவர் இல்லை.

எஸ்.டி.கே. வரிசை ஐ.சி.க்களில் நிலைமை இன்னும் மோசம். ஜப்பானின் சான்யோ நிறுவனம் செய்த அந்த வரிசையின் பழைய நம்பர்கள் இப்போது உற்பத்தியில் இல்லை. ‘ஒரிஜினல்’ என்று புதுப்பெட்டியில் வருவதை நான் நம்பமாட்டேன். இங்கே மட்டும் பழமையைக் காப்பாற்ற மெனக்கெட வேண்டாம். டி.டி.ஏ. 7294 மாதிரி இன்றும் கிடைக்கும் ஐ.சி. போட்ட ரெடிமேட் போர்டு ஒன்றை, உங்க டிரான்ஸ்ஃபார்மரின் வோல்ட்டேஜுக்குப் பொருந்துமா என்று பார்த்து உள்ளே மாட்டிவிடுங்க. மைக் செட் உழைக்கிற பொருள், ஷோகேஸில் வைக்கிறதில்லையே.

கையோடு இதையும் சொல்லிடறேன்: பழைய டயனோரா, சாலிடேர் டி.வி. கிடைத்தால் இந்தக் கட்டுரையை வைத்துக்கொண்டு திறக்காதீங்க. பிக்சர் டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். அனுபவசாலி மட்டும் தொட வேண்டிய இடம்.

கரன்ட் இல்லாத ஊரின் ரேடியோ

கல்வராயன் மலை மாதிரியான பகுதிகளில் பழைய செட் தேடுபவர்களுக்கு ‘டி’ வரிசை வால்வ் ரேடியோ கண்ணில் பட வாய்ப்புண்டு. பின்னால் பிளக் இருக்காது, விநோதமான பேட்டரி சாக்கெட் மட்டும் இருக்கும். மின்கம்பம் வராத ஊர்களுக்காகவே செய்தது. வால்வ் இழைக்கு ஒரு சின்ன பேட்டரி, மற்றதுக்கு 90 வோல்ட்டில் செங்கல் சைஸ் பேட்டரி. அந்தச் செங்கல் பேட்டரி கடையில் இல்லை என்பதற்காகவே இந்த செட்களைத் தூக்கிப் போட்டார்கள்.

மாற்று ரொம்ப சிம்பிள். ஸ்மோக் அலாரத்திலும் மல்டிமீட்டரிலும் போடும் 9 வோல்ட் பேட்டரி பத்தை வரிசையாகக் கோத்தால் 90 வோல்ட். இழைக்கு ஒரு பெரிய டார்ச் செல். ஆனால் இணைக்கும் முன் சர்க்யூட் படத்தை மூன்று முறை பாருங்க. 90 வோல்ட் தவறிப்போய் இழைக்குப் போனால் ஒரே விநாடியில் எல்லா வால்வும் காலி. பேட்டரிதானே என்று 90 வோல்ட்டைக் கையால் தொடுவதும் வேண்டாம்.

எங்கே தேடுவது?

வடக்கனந்தலிலிருந்து சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் சுமார் 250 கிலோமீட்டர். கண்டன்சர், ரெசிஸ்டர், டையோடுக்காக அவ்வளவு தூரம் போக வேண்டாம், ஆன்லைனிலும் பக்கத்து டவுனிலும் கிடைக்கும். வால்வ், ஜெர்மேனியத்துக்கு மட்டும் ரிச்சி ஸ்ட்ரீட், பெங்களூரு எஸ்.பி. ரோடு, மும்பை லேமிங்டன் ரோடு என்று பழைய கடைகளைக் கேட்டுப் பார்க்கலாம். அதற்கும் முன்னால் உங்க ஊரிலேயே, ஐ.டி.ஐ.யில் ரேடியோ - டி.வி. மெக்கானிக் படித்து, கடையை மூடிவிட்டு வீட்டில் இருக்கும் பெரியவர் யாராவது இருக்கிறாரா என்று விசாரிங்க. அவர் மேஜை டிராயரில் இருக்கும் சிகரெட் டப்பாக்களில்தான் பல பாகங்கள் ஒளிந்திருக்கின்றன. எந்தப் பாகம் எதுக்கு ஒத்துவரும் என்பது அவர் தலைக்குள் இருக்கிறது. டிராயராவது பத்திரமாக இருக்கும்.

சர்க்யூட் படத்துக்கு ‘ரேடியோ மியூசியம்’ என்ற சர்வதேச இணையதளத்தில் மாடல் நம்பரைப் போட்டுத் தேடுங்க. மாடல் நம்பர் அழிந்திருந்தால் வால்வ்களின் பட்டியலை வைத்துத் தேடலாம். அலமாரியில் பழைய ரேடியோ லைசென்ஸ் புத்தகம் இருக்கிறதா என்றும் பாருங்க. 1980-களின் நடுப்பகுதிவரை ரேடியோ வைத்திருக்க போஸ்ட் ஆபீஸில் வருடா வருடம் பணம் கட்டணும். எந்த வருஷத்திலிருந்து கட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தால் செட்டின் வயது தெரிந்துவிடும்.

மொபைல் சர்வீஸ் கடைத் தம்பிகளைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். அரிசி சைஸ் பாகத்தைப் பற்றவைக்கும் கைக்கு இது தூசு. ஆனால், அவர்கள் பழகியது 4 வோல்ட். 300 வோல்ட் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கொடுங்க.

பாடுது... ஆனா ஸ்டேஷன் எங்கே?

டயலில் கிலோஹெர்ட்ஸ் இல்லாமல் மீட்டர் கணக்கு இருக்கலாம். 3,00,000-ஐ கிலோஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டர். ஆகாஷ்வாணி திருச்சியின் 936 கிலோஹெர்ட்ஸ் என்பது சுமார் 320 மீட்டர், சென்னையின் 720 என்பது சுமார் 417. டயலில் அச்சடித்த இடத்திலிருந்து ஸ்டேஷன் கொஞ்சம் நகர்ந்திருந்தால் செட் மேல் பழி போடாதீங்க. 1978 நவம்பரில் மீடியம் வேவ் ஸ்டேஷன்களுக்கு இடையிலான தூரம் ஆசியா உட்பட பல பகுதிகளில் 9 கிலோஹெர்ட்ஸ் ஆக மாற்றப்பட்டபோது பல ஸ்டேஷன்கள் இடம் மாறின.

ஒரே ‘கொர்ர்’ என்று சத்தம் வந்தால், வீட்டில் எல்.இ.டி. பல்ப், மொபைல் சார்ஜர், ஃவைஃபை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்க. தாத்தா காலத்தில் இந்த எதிரிகள் இல்லை. பத்து மீட்டர் ஒயரை வெளியே இழுத்துக் கட்டி, பொழுது சாய்ந்த பிறகு கேளுங்க. ராத்திரியில் மீடியம் வேவ் பல நூறு கிலோமீட்டர் தாண்டி வரும். பெரியப்பா வீட்டு செட் இப்போது சாயங்காலம் ஏழு மணிக்கு மேல்தான் வாயைத் திறக்கிறது.

கழற்றிய பாகங்களைக் குப்பையில் போடாதீங்க. ஒரு ஜிப் கவரில் போட்டு செட்டுக்குள்ளேயே ஓரமாக, சூடு படாத இடத்தில் ஒட்டிவையுங்க. கூடவே ஒரு துண்டுப் பேப்பரில் தேதி, எந்த இடத்தில் என்ன இருந்தது, அதற்குப் பதில் என்ன போட்டீங்க, எத்தனை வோல்ட் என்று பால் பாயின்ட் பேனாவில் எழுதி பின்பக்க அட்டையின் உள்பக்கம் ஒட்டிடுங்க. ‘யு’ வரிசை செட்டாக இருந்தால், ‘சேஸியில் கரன்ட் வரும், தொடாதே’ என்பதை மட்டும் வெளிப்பக்கம் பெரிய எழுத்தில்.